குசினிச் சிலிண்டரும் பெரிய எஞ்சினும்

புல்மோட்டை உறவுகளே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேன், ஜீப் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வேனில் பாடசாலைக்கு அனுப்பும் உம்மா வாப்பாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் ஒரு நாள் காலை. வாசலில் கடமைக்கு நின்றோம். பிள்ளைகளை ஏற்றிய வேன் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்ததும் கேஸ் மணம் மூக்கில் அடித்தது. இறங்கிய சின்னப் பிள்ளை ஒன்று, "சேர், வேனுக்குள்ள சோறாக்கிற மணம்" என்று சிரித்துக்கொண்டே போனது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பின் ஆசனத்துக்குக் கீழே பார்த்தோம். அரிசிச் சாக்கால் மூடி, 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று படுக்க வைத்திருந்தது. நாம் வீட்டில் சமைக்கும் அதே சிலிண்டர். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், தரையில் போட்ட ஓட்டை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. இரண்டு கிளிப் போட்டு இறுக்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஓட்டி வந்தவர் நம்மிடம் படித்த பிள்ளை. "என்ன மனே இது?" என்று கேட்டோம்.

"என்ன செய்யிற சேர்? 2400 சிசி பெற்றோல் எஞ்சின். பெற்றோல் அடிச்சி ஓடினா கட்டாது. வேன் கூலியையும் கூட்டித் தாறாங்க இல்ல. இது மூணு மாசமா நல்லாத்தான் ஓடுது."

மூன்று மாதம். பதினான்கு பிள்ளைகள். காலையும் பகலும்.

அந்தத் தம்பியை இங்கே குற்றவாளியாக நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய பெயரையும் எழுதமாட்டோம், கொமெண்டில் யாரும் எழுதவும் வேண்டாம். ஊரில் இவர் ஒருவர்தான் இப்படிச் செய்தார் என்றால் நேரில் பேசி முடித்திருப்போம். விசாரித்தால், "எனக்கும் ஒன்று பூட்டித் தா" என்று கராஜுகளில் கேட்டுத் திரிபவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பெற்றோல் எஞ்சினைக் கேஸில் ஓட்டுவது தவறான வேலை அல்ல. துருக்கியிலும் போலந்திலும் இலட்சக்கணக்கான கார்கள் கேஸில்தான் ஓடுகின்றன. தென்கொரியாவில் டக்சிகள் நீண்ட காலமாகக் கேஸில் ஓடின. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழிவிட்டார்கள். சென்னைக்குப் போய் வந்தவர்கள் கேஸில் ஓடும் ஓட்டோவில் ஏறியிருப்பீர்கள். நமது நாட்டுக்கும் இது புதிதல்ல. இன்று நாம் சமையல் கேஸுக்கு அறிந்து வைத்திருக்கும் லாஃப்ஸ் நிறுவனம், 1995இல் வாகனங்களைக் கேஸுக்கு மாற்றும் தொழிலோடுதான் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் கேஸ் மலிவு, பெற்றோல் விலை கூட. கொழும்புப் பக்கம் கார்களும் வேன்களும் வரிசையாக மாறின. பிறகு கேஸ் விலையும் ஏற, அந்த ஆர்வம் மெல்லக் குறைந்தது.

எனவே "கேஸ் என்றாலே வெடிக்கும்" என்று பயமுறுத்துவது நமது நோக்கம் இல்லை. முறையாகப் பூட்டிய கேஸ் வாகனம் வேறு, குசினிச் சிலிண்டரை ஏற்றிய வாகனம் வேறு. இந்த வித்தியாசம்தான் நமது ஊரில் பலருக்கு விளங்கவில்லை.

முறையான வேலை எப்படி இருக்கும்? வாகனத்துக்கென்றே செய்த தடித்த இரும்புத் தாங்கி. அதில் பல வேலை செய்யும் ஒரு வால்வு. 80 சதவீதம் நிரம்பியதும் அது தானாக மூடிக்கொள்ளும், ஏனென்றால் வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும். குழாய் உடைந்து கேஸ் வேகமாகப் பாய்ந்தால் இன்னொரு பகுதி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடுவதற்கு ஒரு வழி, அதுவும் வாகனத்துக்குள்ளே அல்ல, வெளியே. எஞ்சின் நின்ற கணத்தில் மின்சார வால்வு கேஸை நிறுத்திவிடும். தாங்கியிலிருந்து செம்புக் குழாயில் திரவமாகவே முன்னுக்கு வந்து, எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் ஒரு பெட்டியில் ஆவியாகி, அதன் பிறகுதான் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் சூடாகும்வரை பெற்றோலில் ஓடி, பிறகு கேஸுக்கு மாறும். கடலுக்குப் போகும் நம்மவர்களுக்கு இது உடனே விளங்கும். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம் இல்லையா, அதே சங்கதி.

இனி, குசினிச் சிலிண்டரில் இவற்றில் எது இருக்கிறது? எதுவுமே இல்லை. அது நிமிர்ந்து நின்று, மேலே சேரும் ஆவியை மெதுவாக ஓர் அடுப்புக்குக் கொடுப்பதற்காகச் செய்த பாத்திரம்.

நாம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். (கணக்குப் பாடம் எடுப்பவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள்.) வீட்டு அடுப்பின் ஒரு வாய் மணிக்கு ஏறத்தாழ 200 கிராம் கேஸ் எரிக்கும். மேலே சொன்ன வேன், ஆட்களோடு லீற்றருக்கு ஆறரைக் கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அதற்கு ஐந்து கிலோவுக்கு மேல் கேஸ் வேண்டும். இருபத்தைந்து அடுப்பு வாயை ஒரே சிலிண்டரில் மூட்டுவது போன்றது. கலியாண வீடுகளில் பெரிய பேனர் போட்டுப் புரியாணிச் சட்டி ஏற்றும்போது பார்த்திருப்பீர்கள்: சிலிண்டர் வேர்த்து, குளிர்ந்து, நெருப்பு இறங்கிவிடும். சமையல்காரர் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைப்பார். திரவம் ஆவியாவதற்குச் சூடு வேண்டும், அது போதாமல் போகிறது என்பதுதான் காரணம்.

வேனிலும் அதுதான் நடக்கிறது. நிமிர்த்தி வைத்த சிலிண்டரால் பெரிய எஞ்சினுக்கு ஈடுகொடுக்க முடியாது, ஏற்றத்தில் இழுக்காது. உடனே நம்மவர்கள் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள், சிலர் தலைகீழாகவும் வைக்கிறார்கள். அப்போது ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் வருகிறது. ஆவிக்கென்று செய்த ரப்பர் குழாய்க்குள் திரவக் கேஸ். கசிந்தால் ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் கேஸாக விரியும். அந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது, மேலே போகாது. ஆசனத்துக்குக் கீழே, பிள்ளைகளின் காலடியில், புத்தகப் பைகளுக்கு இடையில் குளம்போலத் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும், ஒரு தீப்பொறி பற்ற வைத்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் தீப்பொறி இருக்கிறது. கதவு லைட் சுவிட்சில் இருக்கிறது.

சின்ன எஞ்சினில் இந்தக் கோளாறு மெதுவாகத் தெரியும். எஞ்சின் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் பெரிதாகிறது. ஆனால் மாற்றினால் அதிகம் மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசை வருவதும் பெரிய எஞ்சின்காரருக்குத்தான்.

அந்த ஆசையை நாம் இளக்காரமாகப் பேசமாட்டோம். நமது ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். திருகோணமலைக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். முன்பு படகுப்பாதை இருந்த இடங்களில் இப்போது பாலம் வந்தது அல்லாஹ்வின் கிருபை, ஆனால் தூரம் குறையவில்லை. பெரிய வருத்தக்காரரைக் கொண்டு போவதென்றாலும், கந்தோர் வேலையென்றாலும், சாமான் எடுப்பதென்றாலும் குச்சவெளி, நிலாவெளி தாண்டித்தான் ஓட வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள்; தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புது வாகனம் கனவாகி, பழைய டீசல் வேன் விலை வானத்துக்குப் போனது. கைக்கு எட்டின விலையில் கிடைத்தது யாரும் விரும்பாத பெரிய பெற்றோல் எஞ்சின் வேனும் ஜீப்பும்தான். வாங்கினோம். வாங்கிய பிறகுதான் அது குடிக்கிற அளவு தெரிந்தது.

பிறகு 2022 வந்தது. ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது வேனுக்கும் காருக்கும் கிழமைக்கு 20 லீற்றர். மேலே சொன்ன மாதிரி எஞ்சினுக்கு அது திருகோணமலைக்கு ஒரு முறை போய்வரவே சரி. அந்த நாட்களில் குசினிச் சிலிண்டரைத் திரும்பிப் பார்க்காத வாகனக்காரர் யார்?

கணக்கும் அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஒரு 12.5 கிலோ சிலிண்டரில் உள்ள சக்தி, ஏறத்தாழ 17 லீற்றர் பெற்றோலுக்குச் சமன். ஜூன் மாதக் கடைசியில் 17 லீற்றர் பெற்றோல் 7,990 ரூபா. லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபா. ஒரு திருகோணமலைப் பயணத்தில் மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம். காசாகப் பார்த்தால் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். அந்த ஒரு சிலிண்டர் நமது வீடுகளில் எத்தனை நாள் எரியும்? ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம். பெரிய எஞ்சின் அதை ஒரே நாளில், போய்வரும் ஒரு பயணத்தில் முடித்துவிடும். 2022 மே, ஜூனில் சிலிண்டருக்காக வெயிலில் நின்ற உம்மாமாரை நாம் மறக்கவில்லை. 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாவாக இருந்த சிலிண்டர் ஆறு மாதத்தில் 4,860 ஆனது. அதுவும் கிடைக்கவில்லை. நகரங்களில் மாடி வீட்டுக்காரர் விறகு தேடினார்கள். நமக்குப் பின்வளவில் விறகு இருந்தது, தப்பினோம். அந்த நேரத்தில் ஒருவர் ஏழெட்டுச் சிலிண்டரை எடுத்து வைத்து வாகனம் ஓட்டினால், ஏழெட்டுக் குடும்பத்தின் ஒரு மாத அடுப்பை அவர் ஓட்டி முடித்திருக்கிறார். இது சட்டம் பேசுகிற விஷயம் மட்டுமல்ல. (இந்தியாவில் வீட்டுச் சிலிண்டரை வாகனத்துக்குப் பாவிப்பதைச் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள்.)

"யுத்த காலத்தில் வடக்கில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டவில்லையா? அவர்கள் என்ன எரிந்தா போனார்கள்?" என்று ஒரு நானா நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் விட்டார்கள். புகைதான், எஞ்சினும் கெட்டதுதான், ஆனாலும் நோயாளியைக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அந்த மெக்கானிக்மாரை நாம் மதிக்கிறோம். ஆனால் மண்ணெண்ணெய் கசிந்தால் கீழே சொட்டும், கண்ணுக்குத் தெரியும், சாதாரணமாக உடனே பற்றவும் மாட்டாது. அழுத்தத்தில் அடைத்த கேஸ் அப்படியா? அந்தத் துணிச்சலை இதற்கு உதாரணம் காட்ட முடியாது நானா.

இன்னும் ஒன்று. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்கக் கேஸ் அடுப்பு வெடித்த செய்திகள் வந்தன, ஞாபகமா? மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் ஜனாதிபதி ஒரு குழு அமைத்தார். சிலிண்டருக்குள் இருக்கும் பிரொப்பேன், பியூட்டேன் கலவையின் அளவு மாறியதே பிரதான காரணம் என்று அந்தக் குழு சொன்னது. பிரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும், பழைய குழாயும் ரெகுலேற்றரும் தாங்காது. ஆடாமல் அசையாமல் குசினியில் நின்ற சிலிண்டருக்கே இந்தக் கதி என்றால், மே மாத வெயிலில், குழியும் மேடுமான ரோட்டில், குலுங்கிக்கொண்டு போகும் சிலிண்டரின் கிளிப்பை நம்பி நாம் பிள்ளையை ஏற்றலாமா?

"அப்போ முறையாகவே பூட்டுகிறோம் சேர், காசு போனால் போகட்டும்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலில் எஞ்சினைப் பாருங்கள். இன்ஜெக்டர் எஞ்சினுக்குப் பழைய காபரேற்றர் காலத்து மிக்ஸரைப் பூட்டினால், கேஸ் உள்ளெடுக்கும் குழாய்க்குள்ளேயே பற்றி, பிளாஸ்டிக் மெனிஃபோல்ட் வெடித்துப் போகலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் வைக்கும் முறைதான் அதற்குச் சரி. (எஞ்சின் சிலிண்டரைச் சொல்கிறோம். இந்தப் பதிவில் இரண்டு சிலிண்டரும் குழம்புகின்றன, மன்னியுங்கள்.) ஆறு சிலிண்டர் ஜீப்புக்கு ஆறு இன்ஜெக்டர், அதற்கேற்ற பெரிய ஆவியாக்கி, நாலு சிலிண்டர் காரின் விலைக்கு முடியாது. சில எஞ்சின்களில் வால்வு இருக்கைகள் கேஸில் சீக்கிரம் தேயும், வால்வு இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். லீற்றர் கணக்கில் கேஸ் பெற்றோலைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடச் செலவாகும், இழுவையும் கொஞ்சம் குறையும். தாங்கியில் 67 ஆர் என்ற ஐரோப்பிய ஒழுங்குவிதியின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் எரிபொருளையும் மாற்றுங்கள், காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய வாகனம் எரிந்தால் காசு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

இதெல்லாம் செய்தாயிற்று. தாங்கியை எங்கே நிரப்புவீர்கள்? திருகோணமலை ரோட்டில் வாகனத்துக்குக் கேஸ் அடிக்கும் இடம் ஒன்றை நாம் கண்டதில்லை. பதவிசிறிபுரப் பக்கமும் கண்டதில்லை. நிரப்ப இடம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? மறுபடியும் குசினிச் சிலிண்டர்தான். அதை உயரத்தில் தலைகீழாகக் கட்டி, வாகனத் தாங்கிக்குள் வீட்டு வளவிலேயே இறக்குவார்கள். 80 சதவீத எல்லை, வால்வு, முத்திரை எல்லாம் அந்த வளவில் அர்த்தமில்லாமல் போய்விடும். வளவின் மறுமூலையில் யாராவது அடுப்பு மூட்டினால் போதும். ஆகவே இன்றைய நிலையில் நமது ஊருக்கு இந்த மாற்றம் பொருந்தாது என்பதுதான் எமது கருத்து. கொழும்பில் தினமும் நூறு கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்குச் சரிவரலாம். இங்கே நிரப்பும் நிலையம் ஒன்று வரட்டும், நாமே முதல் ஆளாக ஆதரித்து எழுதுகிறோம். பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்கள் சேர்ந்து கேஸ் கம்பனிகளிடம் ஒரு கோரிக்கை எழுதினால், எழுதிக் கொடுக்க நாம் தயார். அதுவரை? விற்கக்கூடியவர்கள் விற்றுவிட்டுச் சின்ன எஞ்சினுக்கு மாறுங்கள். கசப்பாக இருக்கும், நட்டமும் வரும்.

கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரே, "அவர் கேட்டார், நான் பூட்டினேன்" என்று சொல்லாதீர்கள். பிரேக் இல்லாத வாகனத்தை ஓட்டத் தரும்படி கேட்டால் கொடுப்பீர்களா?

கடைசியாகப் பெற்றோருக்கு. இது நமக்கும் சேர்த்துத்தான், நமது பிள்ளையும் வேனில்தான் போகிறது. அந்தத் தம்பி சொன்னதில் ஒரு வரி நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது: "வேன் கூலியையும் கூட்டித் தாறாங்க இல்ல." 2022இல் பெற்றோல் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது நாம் கூலியை எவ்வளவு கூட்டினோம்? மாதம் இருநூறு ரூபா கூட்டக் கேட்டதற்கு, வேனை மாற்றிவிடுவோம் என்று சொன்னவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். அந்த இருநூறு ரூபாவைத் தேடித்தான் அவர் சிலிண்டரை ஏற்றினார். பிள்ளை அமானிதம் என்கிறோம். அதைச் சுமக்கும் ஆளின் செலவைக் கேட்கும்போது மட்டும் பேரம் பேசுகிறோம்.

அந்த வேனில் இருந்த சிலிண்டரை அன்றே இறக்கிவிட்டார். ஓட்டையையும் வெல்டிங் பண்ணி அடைத்துவிட்டார். இப்போது பெற்றோலில்தான் ஓடுகிறார், கட்டுப்படியாகவில்லை என்றும் சொல்கிறார். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் வேன் உரிமையாளர்களும் பெற்றோரும் கூடுவதாக ஏற்பாடு. இரண்டு விடயம் மட்டும்தான் பேசுவோம்: எந்தப் பாடசாலை வேனிலும் சிலிண்டர் இல்லை என்பதை எப்படி உறுதிப்படுத்துவது, கிலோமீற்றர் கணக்கில் நியாயமான கூலி எவ்வளவு. பெற்றோல் பற்றுச்சீட்டுகளைக் கொண்டு வரும்படி வேன்காரர்களிடம் சொல்லியிருக்கிறோம்.